புது வீட்டுக்குச் சாமான் வாங்கிக் கொடுப்பது: மேப்பாடியில் நாங்கள் செய்த தவறும் ஒரு கேள்வியும்

கூடலூரான் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பேரிடரில் வீடிழந்த குடும்பங்கள் மறுபடி ஒரு கூரைக்குக் கீழே குடிபோகும்போது, அந்த வீட்டுக்குள் சாமான் வாங்கி வைக்கும் வேலையைத் தொண்டாகச் செய்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நாங்கள் அந்த வேலையை ஒருமுறை செய்தோம். பாதியைத்தான் சரியாகச் செய்தோம் என்று இப்போது தெரிகிறது.

2024 ஜூலை 30 அன்று அதிகாலையில் கேரளத்தின் வயநாட்டில், மேப்பாடியை அடுத்த புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களை நிலச்சரிவு அடித்துக்கொண்டு போனது. எங்கள் கூடலூர், பந்தலூர் பக்கத்தில் பலருக்கு அங்கே உறவினர் உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கமும் தேயிலை, அந்தப் பக்கமும் தேயிலை; வேலைக்காகவும் பெண் கொடுத்து எடுத்த வகையிலும் சோலாடி சோதனைச்சாவடியைத் தாண்டிப் போய்வந்த குடும்பங்கள் ஏராளம். முகாம்களில் இருந்தவர்களை ஆகஸ்டு மாதத்திலேயே வாடகை வீடுகளுக்கு மாற்றத் தொடங்கினார்கள். மாதம் 6,000 ரூபாய் வாடகையைக் கேரள அரசு ஏற்றுக்கொண்டது. அரசும் பல அமைப்புகளும் வீட்டுச் சாமான் கொடுத்தன. எங்கள் ஊர்க்காரர்களின் உறவினராக இருந்த ஒன்பது குடும்பங்களுக்கு நாங்களும் எங்களால் முடிந்ததைச் செய்வது என்று முடிவெடுத்தோம்.

பதினோரு பேர், ஒரு பிக்கப் வண்டி. பந்தலூர், சேரம்பாடி, வடுவஞ்சால் வழியாக மூன்று நடை. ஒருவருக்குக் கூட, ஒருவருக்குக் குறைய என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்பது வீட்டுக்கும் ஒரே பட்டியல் போட்டோம். பிளைவுட் கட்டில் ஒன்று, மெத்தை ஒன்று, பிளாஸ்டிக் நாற்காலி நான்கு, மடக்கு மேசை, கேஸ் அடுப்பு, மிக்ஸி, குக்கர், ஒரு கட்டு பாத்திரம், குடம், பக்கெட், பாய், போர்வை. எல்லாவற்றையும் நாங்களே உள்ளே கொண்டுபோய் அடுக்கி, கட்டிலை மாட்டி, விரிப்பு விரித்துவிட்டு வந்தோம். திரும்பி வரும்போது வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் மனம் நிறைந்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு மாதம் கழித்து நானும் இன்னொருவரும் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனோம். ஒரு வீட்டில் நாங்கள் மாட்டிக் கொடுத்த கட்டில் கழற்றப்பட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றது. அதன் சட்டங்களில் பிள்ளைகளின் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது. மெத்தை தரையில் கிடந்தது. அந்த வீட்டுப் பெண், ஏதோ தவறு செய்துவிட்டவரைப் போல, “தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. மழை சத்தம் கேட்டா பிள்ளைங்க தனியா படுக்க மாட்டேங்குது. அத்தையும் நாங்களும் எல்லாரும் ஒரே ரூம்லதான் ஒட்டிப் படுக்கிறோம். கட்டில் இடத்த அடைக்குது” என்றார். அதே வீட்டில், அவர்கள் தங்கள் கையிலிருந்த காசில் வாங்கியிருந்த ஒரே பொருள், பூட்டுப் போட்ட தகரப்பெட்டி. ரேஷன் அட்டை, ஆதார், இறந்த மாமனாரின் இறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ்களின் நகல்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. அதுவரை அவை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அரிசி மூட்டைக்கு அடியில் இருந்திருக்கின்றன. எங்கள் பட்டியலில் பெட்டி இல்லை. ஒன்பது வீட்டுக்கும் மேசை வாங்கிய எங்களுக்கு, காகிதங்களைத் தேடித் தேடி மறுபடி வாங்கிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்குப் பூட்டோடு ஒரு பெட்டி வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இப்போது கல்பெட்டாவில் எல்ஸ்டன் எஸ்டேட் நிலத்தில் நிரந்தர வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. 2025 மார்ச் 27 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஏழு சென்ட் நிலத்தில் 1,000 சதுர அடி வீடு. எங்கள் ஒன்பது குடும்பங்களில் ஆறு குடும்பங்கள் அங்கே போகக் காத்திருக்கின்றன. இந்த முறையும் உதவ வேண்டும் என்று குழுவில் எல்லோரும் சொல்கிறார்கள். மறுபடி ஒரே பட்டியலா, வீட்டுக்கு வீடு கேட்டு வாங்குவதா, பணமாகக் கொடுத்துவிடுவதா என்பதில்தான் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


நாகை ஓவர்சியர்

தம்பி, நீங்கள் ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தீர்கள் அல்லவா, அதையே நல்ல தொடக்கமாக எடுத்துக்கொள்கிறேன். நான் பார்த்த பல குழுக்கள் சாவியைக் கொடுத்த நாளோடு சரி.

ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டிய வீடுகளில் நான் மூன்று ஆண்டுகள் மேற்பார்வை வேலை செய்தேன். 2004 டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பின் அரசு வகுத்த விதிப்படி நிரந்தர வீடு 300 முதல் 325 சதுர அடி. செலவு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரூபாய். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, கழிப்பறை. கட்டுகிறவன் கண்ணுக்கு அது முழு வீடு. ஆனால் அந்தப் படுக்கையறையில் ஆறடிக்கு நாலடிக் கட்டிலைப் போட்டு, பீரோவை வைத்துவிட்டால், அப்புறம் ஒருவர் குனிந்து துணி எடுக்கக்கூட இடம் போதாது. வந்த நன்கொடையாளர்கள் கட்டிலும் பீரோவும் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் பீரோவை வைக்க இருந்த ஒரே இடம் சன்னலுக்கு முன்னால்தான். சித்திரை மாதத்தில் சன்னலை அடைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் அந்த அறையில் தூங்கியது.

ஆகவே என் முதல் யோசனை, வாங்குவதற்கு முன்னால் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போங்கள். வயநாட்டு வீடு 1,000 சதுர அடி என்பதால் இந்த நெருக்கடி இருக்காது. ஆனாலும் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, பிளக் எங்கே இருக்கிறது, கேஸ் சிலிண்டர் எந்த மூலையில் நிற்கும் என்பதைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது யோசனை, நாற்காலி மேசைக்கு முன்னால் ஆணிக்கும் கொக்கிக்கும் செலவு செய்யுங்கள். இதைச் சொன்னால் சின்ன விஷயமாகத் தோன்றும். எங்கள் வீடுகளில் பரண் கிடையாது, மாடம் கிடையாது, துணிக்கொடி கட்ட ஒரு வளையம் கிடையாது. மீன் விற்கப் போகிற பெண்கள் அன்னக்கூடையை எங்கே வைப்பார்கள் என்று திட்டம் போட்டவர்கள் யோசித்திருக்கவில்லை. கழுவிக் கவிழ்த்தாலும் அதில் மீன் வாடை இருக்கும். படுக்கிற இடத்தில் வைக்க முடியாது, வெளியே வைத்தால் காணாமல் போகும். பிறகு ஒரு தச்சரையும் ஒரு மின்வினைஞரையும் வீட்டுக்கு அரை நாள் என்று அமர்த்தினோம். வாசற்பக்கச் சுவரில் அன்னக்கூடைக்கு இரண்டு கொக்கி, சமையலறையில் மூன்று பலகை, சாமி படத்துக்கு ஒரு மாடம், கூடத்தில் கொடிக்கு வளையம், தொட்டிலுக்கு உத்தரக் கொக்கி. தொட்டில் கொக்கி கேட்ட வீடுகளைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது; பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்.

மூன்றாவதாக, நீங்கள் கேட்ட சமத்துவக் கேள்வி. கடலோர ஊர்களில் எது வந்தாலும் ஊர்ப் பஞ்சாயத்து எடுத்துத் தலைக்கட்டுக்கு ஒரு பங்கு என்று பிரிக்கும். வெளியிலிருந்து வந்தவர்கள் இதைக் குறை சொன்னார்கள். ஆனால் பங்கு பிரிக்காமல் நான்கு வீட்டுக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போன இடங்களில் அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை நின்றுபோனதையும் நான் பார்த்திருக்கிறேன். அதே சமயம், தலைக்கட்டு என்றால் வரி கட்டுகிற ஆண் என்ற கணக்கில், கணவனை இழந்த பெண்கள் சில ஊர்களில் பட்டியலிலிருந்து விடுபட்டார்கள். மீனவர் அல்லாத தலித் குடும்பங்களுக்கும் பல இடங்களில் வந்து சேர வேண்டியது வந்து சேரவில்லை. எனவே பட்டியலை ஊரார் கொடுத்தாலும், ஒருமுறை நீங்களே வீடு வீடாகப் போய்ச் சரிபாருங்கள். மற்றபடி எல்லோருக்கும் மதிப்பு ஒன்றாக இருக்கட்டும்; பொருள் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. வீட்டுக்கு இருபதாயிரம் என்றால் எல்லா வீட்டுக்கும் இருபதாயிரம். அதற்குள் ஒரு வீடு கட்டில் எடுக்கட்டும், இன்னொரு வீடு தையல் மெஷின் எடுக்கட்டும்.


கீச்சாங்குப்பம் ஆசிரியை

ஓவர்சியர் ஐயா எழுதியதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் அந்த வீடுகளில் ஒன்றில் வளர்ந்தவள். அலை வந்தபோது எனக்குப் பதினொரு வயது. அப்பாவும் தங்கையும் போய்விட்டார்கள். தார் ஷீட் கொட்டகையில் இரண்டரை ஆண்டு இருந்தோம். பகலில் அதற்குள் உட்கார முடியாது. கூரை தொட்டால் சுடும், தார் வாடை சோற்றில்கூட இருக்கும். 2007இல் புது வீடு கிடைத்தது.

கொடுப்பவர்களைப் பற்றி இங்கே எழுதுகிறீர்கள். வாங்குகிற பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று நான் சொல்கிறேன். யாரையும் குறை சொல்லும் எண்ணம் எனக்கில்லை. அந்த உதவிகள் இல்லாமல் நான் படித்திருக்க முடியாது.

முதல் சில மாதங்களில் பழைய துணி லாரி லாரியாக வந்தது. சாலையோரத்தில் குவித்துவிட்டுப் போய்விடுவார்கள். மழையில் நனைந்து கிடக்கும். எங்கள் தெருப் பெண்கள் அதைக் குனிந்து எடுக்கவில்லை. அதைத் திமிர் என்று சிலர் சொன்னதும் எங்கள் காதில் விழுந்தது. அலைக்கு முதல் நாள் வரை சொந்தமாகச் சம்பாதித்து, தீபாவளிக்குப் புடவை எடுத்து, கோயில் கொடைக்கு வரி கட்டிய பெண்கள் அவர்கள். அடுத்தவர் உடுத்திக் கிழிந்த பாவாடையைத் தெருக்குவியலில் தேடி எடுக்கச் சொன்னால் எப்படி எடுப்பார்கள்?

பிறகு பாத்திரங்கள் வந்தன. புது வீட்டுக்குப் போன அன்று எங்களிடம் ஏழு பிளாஸ்டிக் பக்கெட் இருந்தது. ஒரே மாதிரியான எவர்சில்வர் தட்டு பதினெட்டு இருந்தது. சாப்பிட நாங்கள் இரண்டே பேர். அருவாமனை இல்லை. தேங்காய்த் துருவி இல்லை. முகம் பார்க்கக் கண்ணாடி இல்லை. இரண்டரை ஆண்டுகளாக நான் என் முகத்தைப் பள்ளிக்கூடத்துச் சன்னல் கண்ணாடியில்தான் பார்த்தேன்.

அப்போது ஒரு சிறு குழு வந்தது. நான்கைந்து பெண்கள். அவர்கள் கையில் சாமான் எதுவும் கொண்டுவரவில்லை. எங்கள் வரிசையில் இருந்த ஆறு குடும்பத்துப் பெண்களையும் ஒரு வேனில் ஏற்றி, நாகைப் பெரிய கடைத்தெருவுக்கு அழைத்துப் போனார்கள். இவ்வளவு ரூபாய்க்குள் உங்களுக்கு வேண்டியதை எடுங்கள், பில்லை நாங்கள் கட்டுகிறோம் என்றார்கள். அம்மா முதலில் எதையும் தொடவில்லை. அரை மணி நேரம் கடைக்குள் சும்மா நின்றார். பிறகு ஒரு குழம்புச் சட்டியை எடுத்து அடிப்பக்கத்தை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். கீழே வைத்தார். இன்னொன்றை எடுத்துத் தட்டினார். கடைக்காரர் ஒரு விலை சொன்னார். அம்மா, “இந்த மெல்லிசுக்கா இந்த வெல?” என்று கேட்டார். கடைக்காரர் ஏதோ சொல்ல, அம்மாவும் விடாமல் பேச, இருவருக்கும் பேரம் முற்றிவிட்டது. அலைக்குப் பிறகு அம்மா குரலை உயர்த்திப் பேசியதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். வேனில் வந்த அக்காவுக்கு அது சங்கடமாக இருந்திருக்கும். பணம் அவர்களுடையது, பேரம் அம்மாவுடையது. ஆனால் அவர் குறுக்கே பேசாமல் நின்றார். அதற்காக இன்றுவரை அவரை நினைத்துக்கொள்கிறேன்.

குழம்புச் சட்டி, அருவாமனை, துருவி, சுளகு, ஒரு சொம்பு, கதவில் மாட்டுகிற அளவுக்கு ஒரு கண்ணாடி, எனக்கு ஒரு படிப்பு மேசை. அந்தக் குழம்புச் சட்டி இப்போதும் என் வீட்டில் இருக்கிறது. கொடுத்த பதினெட்டுத் தட்டில் ஒன்றுகூட இல்லை.


பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்பு

ஆசிரியை அம்மா எழுதியதற்குப் பிறகு நான் சொல்ல வருவது வெறும் நடைமுறை விஷயம். இருந்தாலும் மேப்பாடிக்குப் பயன்படும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் இடையே கரை கடந்தபோது, எங்கள் பக்கம் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் தென்னையும் கூரையும் ஒரே இரவில் போயின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்ளடங்கிய ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அந்த நாட்களில் எங்கள் கிராமத்துக்கு வந்து சேர்ந்த முதல் பெரிய உதவி, நாற்பது மிக்ஸி. கொடுத்தவர்களின் மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அன்று எங்களுக்குத் தேவைப்பட்டது மெழுகுவத்தியும் தார்ப்பாயும் கொசுவலையும். பிற்பாடு கட்டிய வீடுகளிலும் இதே கதை. மின் இணைப்புக்கு விண்ணப்பம் போட்டு, மீட்டர் வர இரண்டு மாதம் ஆனது. அதுவரை மின்விசிறியும் மிக்ஸியும் அட்டைப்பெட்டிக்குள் இருந்தன, உத்தரவாதக் காலம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எனவே மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு, முகவரி மாற்றி எரிவாயு இணைப்பு, இந்த மூன்றும் முடிந்ததா என்று முதலில் பாருங்கள். இதற்கு அலுவலகத்துக்கு உடன் போய் வருவதே பெரிய தொண்டு. சாமான் தூக்குவதற்கு ஆள் கிடைத்துவிடும். விண்ணப்பத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கி, நான்கு நாள் அலைய ஆள் கிடைப்பதில்லை.

பிளைவுட் கட்டிலைப் பற்றியும் ஒரு சொல். ஓதம் ஏறுகிற தரையில் மலிவான பிளைவுட் ஒரு மழைக்காலம் தாங்காது. ஓரம் உப்பி உரிந்துவிடும். வயநாட்டு மழையில் சொல்லவே வேண்டாம். எங்கள் ஊரில் விழுந்த வேம்பையும் பூவரசையும் உள்ளூர் வாடியிலேயே அறுத்து, உள்ளூர்த் தச்சர்கள் நான்கு பேரிடம் கூலி கொடுத்துக் கட்டிலும் பெஞ்சும் செய்து வாங்கினோம். அந்தத் தச்சர்களும் புயலில் கூரை போனவர்கள்தாம். ஈரமரம் என்பதால் நான்கு மாதம் காய வைக்க வேண்டியிருந்தது, தாமதத்துக்கு எங்களைத் திட்டவும் செய்தார்கள். ஆனால் அந்தக் கட்டில்கள் இன்றும் ஆடாமல் நிற்கின்றன. எங்கள் பணமும் ஊரை விட்டு வெளியே போகவில்லை.


கணக்கு நோட்டு

எல்லோரும் எழுதியிருப்பது நியாயம். ஆனால் பணம் திரட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் இரண்டு சங்கடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, நன்கொடையாளர் கேட்பது. நூறு பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் அனுப்புகிறார்கள். அவர்களுக்குக் கணக்கு காட்ட வேண்டும். நூறு கட்டில் வாங்கினோம் என்றால் ஒரே பில், ஒரே படம், கணக்கு முடிந்தது. வீட்டுக்கு வீடு வெவ்வேறு சாமான் என்றால் அறுபது பில், அதில் பாதி துண்டுச் சீட்டு. தணிக்கையாளர் கேள்வி கேட்பார். இந்த வேலையைச் செய்ய ஒருவரைத் தனியாக நியமிக்காவிட்டால், நல்ல எண்ணத்தோடு தொடங்கிய குழு கணக்குச் சண்டையில் உடைந்துவிடும். எங்களுடையது அப்படித்தான் ஒருமுறை உடைந்தது.

இரண்டாவது, பணமாகக் கொடுத்தால் அது குடிக்கோ கடனுக்கோ போய்விடும் என்ற பயம். கொடுப்பவர்கள் பத்துப் பேரில் ஏழு பேர் இதைக் கேட்கிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது?


கீச்சாங்குப்பம் ஆசிரியை

கணக்கு நோட்டு ஐயாவுக்கு: கடனுக்குப் போனால் என்ன தவறு? புது வீட்டுக்குள் கால் வைக்கும்போது வாசலில் வட்டிக்காரர் நிற்கிறார் என்றால், அந்த வீட்டுக்கு மிகவும் தேவையான சாமான் அந்தக் கடனை அடைத்த ரசீதுதான். கட்டிலை வாங்கிக் கொடுத்தால் அந்தக் கட்டிலையே விற்றுக் கடனைக் கட்டுவார்கள், அதுவும் பாதி விலைக்கு. எங்கள் தெருவில் இது நடந்தது.

குடியைப் பற்றிய கவலை உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. பெண்ணின் வங்கிக் கணக்கில் போடுங்கள். ஆழிப்பேரலை வீடுகளுக்குப் பட்டா கொடுத்தபோது கணவன் மனைவி இருவர் பெயரிலும் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய பிடிமானமாக இருந்தது என்பதை இங்கே எழுதி விளக்க முடியாது. அல்லது, எங்களைக் கூட்டிப்போனார்களே, அதுபோலக் கடைக்கு அழைத்துப் போங்கள். பில் உங்கள் கைக்கு வந்துவிடும், தேர்வு அவர்கள் கையில் இருக்கும்.

படம் எடுப்பதைப் பற்றி: சாமானைப் படம் எடுங்கள், வீட்டைப் படம் எடுங்கள். சாமானைக் கையில் கொடுத்து, ஆளை நிற்க வைத்து எடுக்காதீர்கள். பாட்டியோடு பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிற படம் ஒன்று ஏதோ ஒரு அலுவலகச் சுவரில் இருந்ததைப் பல ஆண்டு கழித்துத் தற்செயலாகப் பார்த்தேன். படத்துக்குக் கீழே என் பெயர்கூட இல்லை. ‘பயனாளி’ என்று இருந்தது.


மட்டுநகர் வாசகி

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் நாட்டில் அதே 2004ஆம் ஆண்டு அலை முப்பதாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோனது. பிறகு கரையோரத்தில் மீளக் கட்டக் கூடாது என்று எல்லை வகுத்தார்கள். தெற்கிலும் மேற்கிலும் நூறு மீற்றர், எங்கள் வடக்கிலும் கிழக்கிலும் இருநூறு மீற்றர். அதனால் பல குடும்பங்கள் கடலை விட்டுத் தள்ளி, பழக்கமில்லாத காணிகளில் குடியேறின. எங்கள் பகுதியில் பலர் போரால் முன்னரும் இடம்பெயர்ந்தவர்கள். அலைக்குப் பின்னரும் இடம்பெயர்ந்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பலமுறை ஓடியவர்கள் சாமான்களைப் பார்க்கும் பார்வை வேறு. நாங்கள் ஒரு குடும்பத்துக்குப் பாரமான அலுமாரி ஒன்று கொடுத்தோம். அந்த வீட்டு ஐயா மிக மரியாதையாக, இதைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது பிள்ளை என்று கேட்டார். அலுமாரிக்குப் பதிலாக இரண்டு பெட்டியும் ஒரு துவிச்சக்கரவண்டியும் கேட்டார். கடலுக்கும் வீட்டுக்கும் இடையில் இப்போது நடக்க முடியாத தூரம். விடியப்புறம் வள்ளத்துக்குப் போக அவருக்குக் கதிரை மேசையைவிடச் சைக்கிள்தான் வேண்டியிருந்தது. வீட்டுத் தளபாடப் பட்டியலில் சைக்கிளைச் சேர்க்க முடியாது என்று எங்கள் குழுவில் ஒருவர் வாதாடினார். சேர்த்தோம்.

கூடலூர் அண்ணா, உங்கள் குடும்பங்களுக்கும் வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரம் மாறியிருக்கும். புது வீட்டிலிருந்து எந்தத் தோட்டத்துக்கு வேலைக்குப் போவார்கள், பிள்ளைகள் எந்தப் பாடசாலைக்கு எப்படிப் போவார்கள் என்று கேளுங்கள். அதிலிருந்தே பாதிப் பட்டியல் வந்துவிடும்.

இன்னொன்று: குசினிக்கு வேண்டிய சின்னச் சாமான்களை முதல் நாளே வைத்துவிடுங்கள். தும்புத்தடி, நெருப்புப்பெட்டி, உப்பு, சவர்க்காரம், ஒரு கத்தி, ஒரு கைவிளக்கு. பெரிய சாமான் எல்லாம் வந்து சேர்ந்த வீட்டில், முதல் இரவு கூட்டுவதற்குத் தும்புத்தடி இல்லாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடியதை நான் கண்டேன்.


கைப்பிடி

நான் உடலியக்க மருத்துவர். சுருக்கமாக ஒரே ஒரு கோரிக்கை. வீட்டில் முதியவரோ காலில் அடிபட்டவரோ இருந்தால் அவரை உட்கார வைத்து, தரையிலிருந்து முழங்கால் வரை எத்தனை அங்குலம் என்று அளந்துகொள்ளுங்கள். கட்டிலும் நாற்காலியும் அந்த உயரத்தில் இருந்தால் அவர் யார் தயவும் இல்லாமல் எழுந்திருப்பார். அதைவிடத் தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு முறையும் இன்னொருவர் கைகொடுக்க வேண்டும். கழிப்பறைச் சுவரில் ஒரு எஃகுக் கைப்பிடியை, சுவர் பூசுவதற்கு முன்னாலேயே சொல்லிவைத்து இறுக்கமாகப் பதிக்கச் செய்யுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் கை ஊன்றி எழ முயன்று வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நிலச்சரிவில் காயம்பட்டவர்கள் உங்கள் ஆறு வீட்டில் நிச்சயம் இருப்பார்கள்.


கூடலூரான்

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாட்களாக இந்த இழையை எங்கள் குழுவில் உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறோம். ஆசிரியை அக்கா எழுதியதைப் படித்தபோது, ஒன்பது வீட்டுக் கட்டிலிலும் நாங்களே விரிப்பு விரித்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. அது அவர்கள் செய்ய வேண்டிய வேலை. அதைச் செய்யும்போது நாங்கள் அன்பாகத்தான் செய்தோம், ஆனால் அவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் முடிவைச் சொல்கிறேன். ஆறு குடும்பத்துக்கும் ஒரே தொகை ஒதுக்குகிறோம். இரண்டு பேர் மட்டும் முன்கூட்டியே போய் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். அதில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருப்பார். வாடகை வீட்டில் இருக்கும் சாமானில் எதை எடுத்துப் போகிறார்கள், எதை விட்டுவிட விரும்புகிறார்கள் என்பதை முதலில் கேட்போம். சாவி கைக்கு வந்ததும் தச்சரையும் மின்வினைஞரையும் அழைத்துப் போவோம். சாமானை அவர்களோடு கல்பெட்டாக் கடைகளிலேயே வாங்குவோம்; தூக்குவதும் மாட்டுவதும் மட்டும் எங்கள் வேலை. எதை எங்கே வைப்பது என்று அவர்கள் சொல்வார்கள். கணக்கு எழுத ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் சம்மதித்திருக்கிறார். அதில் எனக்குப் பெரிய நிம்மதி. ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் திரும்பப் போவதற்கென்று தொகையில் ஒரு பங்கைத் தொடாமல் வைக்கிறோம். மழைக்காலம் ஒன்று கழிந்தால்தான் எது உப்புகிறது, எது ஒழுகுகிறது என்று தெரியும் என்பதைப் பட்டுக்கோட்டை ஐயாவிடமிருந்து எடுத்துக்கொண்டோம்.

நேற்று அந்தக் கட்டில் வீட்டுப் பெண்ணைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். புது வீட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். எல்லாம் இருக்குதுண்ணா, ஒண்ணும் வேணாம் என்றார். எல்லோரும் முதலில் சொல்கிற பதில் அதுதான் என்பதால், விடாமல், முண்டக்கையில் இருந்த வீட்டில் காலையில் எழுந்தால் முதலில் எதைத் தொடுவீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அத்தையின் அம்மிக்கல்லைச் சொன்னார். அவர்கள் இருந்த பாடியின், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின், பின்வாசலில் கிடந்த அம்மி. அத்தை கல்யாணமாகி வந்தபோதே அங்கே கிடந்ததாம், அதற்கு முன்னால் யாருடையது என்று யாருக்கும் தெரியாதாம். வீட்டோடு அதுவும் போய்விட்டது. மிக்ஸியில் அரைத்த குழம்பை அத்தை ஒரு வருடமாகப் பேசாமல் சாப்பிடுகிறார் என்றும், அம்மி வேண்டும் என்று கேட்க நினைத்ததாகவும், அவ்வளவு பாரத்தை யார் மலைமேல் தூக்கிவருவார்கள் என்று கேட்காமல் விட்டதாகவும் சொன்னார்.

எங்களிடம் பிக்கப் வண்டி இருக்கிறது, பதினோரு பேர் இருக்கிறோம். நல்ல அம்மியை எப்படிப் பார்த்து வாங்குவது என்றுதான் எங்களில் யாருக்கும் தெரியவில்லை.


கீச்சாங்குப்பம் ஆசிரியை

தம்பி, கருங்கல்லில் வாங்குங்கள். குழவியைத் தனியாகப் பொறுக்காதீர்கள். அம்மியின் மேல் வைத்து உருட்டிப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. கொத்திய புதுக்கல்லில் துகள் இருக்கும். தவிடோ ஊறவைத்த அரிசியோ போட்டு இரண்டு மூன்று முறை அரைத்து, கழுவி ஊற்றிவிட்டுத்தான் மசாலா அரைக்க வேண்டும். அதை நீங்கள் செய்து கொடுக்க வேண்டாம். கல்லைக் கொண்டுபோய், பின்வாசலில் எந்தத் திசை பார்த்துப் போடுவது என்று அத்தையிடம் கேட்டுப் போட்டுவிட்டு வாருங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.


நாகை ஓவர்சியர்

போடுவதற்கு முன்னால், கீழே ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை வெட்டி, ஜல்லி போட்டு இடித்துவிடுங்கள். வயநாட்டு மண் மழையில் இளகும். அரைக்கும்போது கல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கடப்பாரையும் ஒரு சாக்கு ஜல்லியும் வண்டியிலேயே எடுத்துக்கொண்டு போங்கள்.